பச்சைக் குழந்தைக்கு நம் மனசு எப்போது புரிய ஆரம்பிக்கிறது? முதல் குழந்தையோடு இருப்பவர்களுக்கு

வீட்டில் முதல் குழந்தை பிறந்தால் எப்போது குப்புற விழும், எப்போது பல் முளைக்கும், எப்போது நடக்கும் என்று சொல்வதற்கு ஊரே வந்துவிடும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் ஒரு மனசு இருக்கிறது, அவரும் எதையோ பார்க்கிறார், எதற்கோ ஆசைப்படுகிறார், தனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்கு எந்த வயதில் பிடிபடுகிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உளவியல்காரர்கள் இதற்கு மனக் கோட்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் உங்கள் மடியிலேயே தினமும் நடக்கிறது, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என் தங்கை மகள் பிறந்து நாலு வயது வரை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அந்த நாலு வருஷமும் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். "பாப்பாவுக்கு எல்லாம் புரியுது" என்று எழுதாமல், "ஃபேனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், திரும்ப ஃபேனைப் பார்த்தாள்" என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதைக் கணக்குப் போடுங்கள். நான் கீழே சொல்லும் மாதங்களும் தோராயமானவைதான், முன்னே பின்னே ஆகும். பசியாறி, தூங்கி எழுந்து, நல்ல மனநிலையில் இருக்கும்போது மட்டும் விளையாடிப் பாருங்கள். முகம் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.

முதல் மூன்று மாதம்: முகம்

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். 2002-ல் இத்தாலியில் பிறந்து 5 நாளுக்குள் இருந்த குழந்தைகளுக்கு இரண்டு முகப் படங்களைக் காட்டினார்கள், ஒன்று நேராகப் பார்க்கிறது, இன்னொன்று கண்ணை ஓரமாகத் திருப்பியிருக்கிறது. நேராகப் பார்த்த முகத்தையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. ஆகவே முதல் வேலை, அந்தத் தூரத்தில் உங்கள் முகத்தை வைத்து, கண்ணைப் பார்த்துப் பேசுவது. பேசிவிட்டு நிறுத்துங்கள். அது "ங்கா" என்று ஏதாவது சத்தம் போடும் வரை காத்திருந்து, போட்டதும் பதில் சொல்லுங்கள். நம் பாட்டிகள் ஒவ்வொரு "ங்கா"வுக்கும் "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களே, அதேதான்.

நாக்கை நீட்டினால் குழந்தையும் நீட்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்ட்ரூ மெல்ட்சாஃப், கீத் மூர் இருவரும் 1977-ல் 12 முதல் 21 நாள் குழந்தைகளை வைத்துச் சொன்னது அது. 2016-ல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளைப் பல வாரம் தொடர்ந்து பார்த்தபோது அப்படிப் பார்த்துச் செய்வதாகத் தெரியவில்லை. விளையாட்டுக்கு நீட்டிக் காட்டுங்கள், குழந்தை திருப்பி நீட்டவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். தாய் குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறாள், திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் சும்மா பார்க்கிறாள், அவ்வளவுதான். சில மாதக் குழந்தை முதலில் சிரித்து இழுத்துப் பார்க்கிறது, கையைக் காலை ஆட்டுகிறது, ஒன்றும் நடக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்குகிறது. நாம் ஒன்று செய்தால் எதிரே இருப்பவர் ஒன்று செய்வார் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. இதை வீட்டில் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருக்கும்போது நம் முகம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இது என் கருத்து, ஆனால் அழுத்திச் சொல்வேன்.

ஆறு மாதத்தை ஒட்டி: அந்தக் கை எதற்குப் போகிறது

ஆமண்டா வுட்வர்ட் 1998-ல் செய்த சோதனையை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மேடையில் ஒரு பக்கம் பந்து, இன்னொரு பக்கம் கரடி பொம்மை. ஒரு கை வந்து கரடியைப் பிடிக்கிறது. மறுபடியும் கரடி, மறுபடியும் கரடி, குழந்தைக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போகும் வரை. அப்புறம் பொம்மைகளை இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள். இப்போது கை பழைய இடத்துக்கே போய்ப் பந்தைப் பிடித்தால், 6 மாதக் குழந்தை அதை உற்றுப் பார்க்கிறது. புது இடத்துக்குப் போய்ப் பழைய கரடியையே பிடித்தால் அவ்வளவு ஆர்வம் இல்லை. அதாவது கை எந்தப் பக்கம் போனது என்பதைவிட, அந்தக் கைக்குச் சொந்தமான ஆளுக்கு எது வேண்டும் என்பதுதான் குழந்தையின் மனதில் பதிந்திருக்கிறது. கைக்குப் பதிலாக ஒரு குச்சி வந்து தொட்டபோது இந்த வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. மூன்று மாதக் குழந்தைக்குப் பொருளைப் பிடிக்கத் தெரியாது. வெல்க்ரோ ஒட்டிய குட்டிக் கையுறையை மாட்டிவிட்டு, பட்டால் பொம்மை ஒட்டிக்கொள்ளும்படி சில நிமிடம் விளையாட விட்டார்கள். 2005-ல் வெளிவந்த சோதனை இது. அப்படி விளையாடிய குழந்தைகளுக்கு அதன் பிறகு இன்னொருவர் கை நீட்டுவதும் புரிய ஆரம்பித்தது. தான் செய்து பார்த்தால்தான் அடுத்தவர் செய்வது புரிகிறது. அதனால் பாய் விரித்துக் கீழே விடுங்கள், கிண்ணம், கரண்டி, மூடி என்று ஆபத்தில்லாததைக் கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள், எடுத்துக் கையில் கொடுத்துவிடாதீர்கள், முயன்று எடுக்கட்டும். எங்கள் வீட்டில் இதுதான் பெரிய சண்டை. அம்மாவுக்குக் குழந்தை கை நீட்டினாலே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

ஒன்பது மாதம் முதல் ஒரு வயது வரை

மேலே சொன்னதெல்லாம் முன்னேற்பாடு. இந்த மூன்று மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

அதுவரை குழந்தை ஒன்று உங்களைப் பார்க்கும், இல்லையென்றால் பொருளைப் பார்க்கும். இப்போது பொருளைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கும், நீங்களும் அதைத்தான் பார்க்கிறீர்களா என்று சரிபார்க்கிற மாதிரி. காக்கா, அம்மா, காக்கா. நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டிய நாள் அது.

செய்து பார்க்க வேண்டியது: குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு, மெதுவாகத் தலையைத் திருப்பி ஒரு பொருளைப் பாருங்கள். கையை நீட்டாதீர்கள், வாயால் சொல்லாதீர்கள். அது உங்கள் பார்வை போன பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஒன்பது மாதத்தில் திரும்பினால்கூட, அது நம் தலை திரும்பியதைப் பார்த்துத் திரும்புகிறதா, கண்ணைப் பார்த்தா என்று சொல்ல முடியாது. ரெச்செல் ப்ரூக்ஸும் மெல்ட்சாஃபும் செய்த சோதனைகளில், 9 மாதக் குழந்தைகள் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாலும் திரும்பின. ஒரு வயது ஆகும்போது, கண் மூடியிருந்தால் அவ்வளவாகத் திரும்பவில்லை. ஆனால் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு திரும்பினால் ஒரு வயதுக் குழந்தையும் ஏமாந்து திரும்புகிறது! கண்ணை மூடினால் தெரியாது என்பது அதற்குத் தன் அனுபவத்தில் தெரியும், தினமும் தானே மூடித் திறக்கிறது. துணி கட்டினால் தெரியாது என்பது தெரியாது. சரி என்று அந்தத் துணியைக் குழந்தைகளின் முகத்துக்கு முன்னாலேயே பிடித்து மறைத்துக் காட்டினார்கள். அதன் பிறகு அவை துணி கட்டிய ஆளின் பின்னே திரும்பவில்லை. 2008-ல் வந்த ஆய்வு இது. முந்தானையால் முகத்தை மூடி "காணோமே" என்று சொல்லும் விளையாட்டை நான் அதற்குப் பிறகு அலட்சியமாக நினைத்ததே இல்லை. உங்கள் முகத்தை மட்டும் மூடாமல், குழந்தையின் முகத்துக்கு முன்னாலும் ஒரு விநாடி துணியைப் பிடித்து எடுங்கள்.

அடுத்தது சுட்டுவிரல். ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டிக் காட்டத் தொடங்கும். இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒன்று, "அதை எடுத்துக் கொடு". இன்னொன்று, "அங்கே பாரேன்!". முதலாவதில் உங்கள் கை தேவை. இரண்டாவதில் உங்கள் கவனம் தேவை, அதாவது உங்கள் மனசு. 2004-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மைக்கேல் தொமசெல்லோவின் குழுவினர் 12 மாதக் குழந்தைகள் விரல் காட்டும்போது வேண்டுமென்றே பல விதமாக நடந்துகொண்டு பார்த்தார்கள். காட்டிய பொருளை மட்டும் பார்த்தால் குழந்தைக்குத் திருப்தி இல்லை. குழந்தையை மட்டும் பார்த்துக் கொஞ்சினாலும் திருப்தி இல்லை. பொருளையும் பார்த்து, குழந்தையையும் பார்த்து, "ஆமா! அட!" என்று சேர்ந்து வியந்தால்தான் நிறைவு.

ஆகவே விரல் நீட்டினால் மூன்றையும் செய்யுங்கள்: திரும்பிப் பாருங்கள், குழந்தையைப் பாருங்கள், அது என்னவென்று சொல்லுங்கள். மொட்டை மாடியில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது நாம் செய்வது இதுவே. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை எங்கே பார்க்கிறதோ அங்கே நீங்கள் பாருங்கள். நாம் காட்டுவதை அது பார்க்க வேண்டும் என்று பிடித்துத் திருப்புவதைவிட, அதன் பார்வைக்குப் பின்னால் நாம் போவது நல்லது.

இதே சமயத்தில்தான் சந்தேகம் வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கவும் ஆரம்பிக்கும். 1985-ல் நடந்த சோதனையில், கண்ணாடித் தரைக்குக் கீழே 30 சென்டிமீட்டர் பள்ளம் தெரியும்படி ஒரு மேசை. மறுமுனையில் அம்மா. அம்மா சிரித்த முகமாக நின்றபோது 19 பேரில் 14 குழந்தைகள் தாண்டி வந்தன. பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒன்றுகூட வரவில்லை. புது ஆள் வீட்டுக்கு வரும்போதும், தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கும்போதும், குழந்தை முதலில் உங்கள் முகத்தைத்தான் படிக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், செய்து காட்ட வேண்டாம், நடக்கும்போது கவனித்தால் போதும். பொம்மையைக் கொடுக்க வந்து கை தவறிக் கீழே போட்டால் ஒரு மாதிரி இருக்கும். கொடுப்பதுபோல நீட்டிவிட்டு வேண்டுமென்றே இழுத்துக்கொண்டால் வேறு மாதிரி கோபம் வரும். 9 மாதக் குழந்தைகளுக்கே, கொடுக்க முடியாதவரையும் கொடுக்க மனமில்லாதவரையும் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. 6 மாதத்தில் அந்த வித்தியாசம் இல்லை. விளையாட்டுக்கு ஏய்க்கும் மாமாக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒன்றரை வயது: உனக்குப் பிடித்தது வேறு

இங்கே ஒரு விளையாட்டு, சாமான் சுலபம். கலிஃபோர்னியாவில் பெட்டி ரெப்பகோலியும் ஆலிசன் காப்னிக்கும் 1997-ல் செய்தது. ஒரு கிண்ணத்தில் பிஸ்கட், ஒரு கிண்ணத்தில் ப்ராக்கோலி என்ற பச்சைப் பூக்கோசு மாதிரியான காய். குழந்தைகளுக்குப் பிடித்தது பிஸ்கட்தான், சந்தேகமில்லை. பெரியவர் பிஸ்கட்டைத் தின்று "உவ்வே" என்று முகம் சுளித்து, ப்ராக்கோலியைத் தின்று ஆகா என்று காட்டிவிட்டு, "எனக்குக் கொஞ்சம் தா" என்று கை நீட்டுகிறார். 14 மாதக் குழந்தைகள் பிஸ்கட்டையே கொடுத்தன, தனக்குப் பிடித்தால் எல்லோருக்கும் பிடிக்கும் என்பதுபோல. 18 மாதக் குழந்தைகள் ப்ராக்கோலியை எடுத்துக் கொடுத்தன.

நான் மேரி பிஸ்கட்டையும் வேகவைத்த வெண்டைக்காய்த் துண்டுகளையும் வைத்துச் செய்தேன். பதினைந்து மாதத்தில் அவள் பிஸ்கட்டை எடுத்து என் வாயில் திணித்தாள். நான் முகம் சுளித்தேன், இன்னும் அழுத்தித் திணித்தாள். பத்தொன்பதாவது மாதம் மறுபடி உட்கார்ந்தோம். பிஸ்கட்டுக்குக் கை போனது, பாதியில் நின்றது, என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வெண்டைக்காயை, அந்த வழவழப்பு பிடிக்காமல் இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, விரலைத் தன் கவுனில் துடைத்துக்கொண்டாள். நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: முகபாவத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுங்கள். கை நீட்டும்போது இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் நீட்டுங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் குழந்தை கையைப் பார்த்துக் கொடுத்துவிடும். ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இதே வயதில் உதவியும் செய்யும். 2006-ல் ஃபெலிக்ஸ் வார்னெகனும் தொமசெல்லோவும் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடும் ஆள் கிளிப்பைக் கைதவறிப் போட்டுவிட்டு எட்டாமல் திணறினால், 18 மாதக் குழந்தைகள் பலர் யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே வீசியெறிந்தபோது அப்படி எடுத்துக் கொடுக்கவில்லை. மாடியில் துணி காயப்போடப் போகும்போது கூட்டிப் போங்கள். வேலை இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனாலும் கூட்டிப் போங்கள்.

பேச்சு வந்த பிறகு

இரண்டு வயதிலிருந்து மனசைப் பற்றிய சொற்களை வீட்டுப் பேச்சில் கலந்து விடுங்கள்: தெரியும், தெரியாது, மறந்துட்டேன், ஞாபகம் வந்துச்சு, நினைச்சேன். பாடமாக நடத்த வேண்டாம். அப்பா சாவியைத் தேடும்போது, "அப்பா சாவி பைக்குள்ள இருக்குன்னு நினைக்கிறார், ஆனா அது டிவி மேல இருக்கு, பாத்தியா?" என்று சொன்னால் போதும். தமிழில் அந்த "ன்னு" எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று பாருங்கள், ஒருவர் மனதில் இருப்பதை அப்படியே வெளியே எடுத்து வைத்துவிடுகிறது.

சொற்கள் உண்மையிலேயே உதவுகின்றன என்பதற்கு நிகராகுவாவிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கே காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் ஒன்றுகூடியதில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு புதிய சைகை மொழியே உருவானது. அதன் முதல் தலைமுறையினரிடம் நினைப்பது, தெரிவது போன்றவற்றுக்கான சைகைகள் குறைவு; வளர்ந்த பெரியவர்களாக இருந்தும், அடுத்தவர் தவறாக ஒன்றை நம்புவதைக் கணிப்பது அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. பின்னால் இளையவர்களிடமிருந்து அந்தச் சைகைகளைக் கற்றபோது அதுவும் கைகூடியது. ஜெனி பையர்ஸ், ஆன் செங்காஸ் இருவரும் 2009-ல் எழுதியது இது.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்

9 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே இல்லை, ஒரு வயதில் டாட்டா காட்டுவது போன்ற சைகைகள் இல்லை, 18 மாதத்திலும் "அங்கே பார்" என்று விரல் நீட்டிக் காட்டவில்லை, அல்லது எந்த வயதிலாவது செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுப் பரிசோதனையும் கேட்டுச் செய்யுங்கள், சில சமயம் காரணம் அங்கே இருக்கும். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். பேச்சு தாமதமாவது ஒரு விஷயம், பார்வையைப் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பது வேறு விஷயம், அதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்தியாவில் பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே தனி மையங்கள் இருக்கின்றன, கேட்டுப் போங்கள். உங்கள் நோட்டையும் எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

நாலு வயது: பிஸ்கட் பாக்கெட்

அடுத்தவர் தவறாகவும் நம்பலாம் என்பது புரிவதுதான் கடைசிப் பெரிய படி. 1983-ல் ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் ஒரு கதை சொல்லிக் கேட்டார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்போது இருக்கும் அலமாரியைத்தான் சொல்வார்கள். நாலு, ஐந்து வயதில் பழைய அலமாரியைச் சொல்வார்கள். 2005-ல் கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து என்று ஐந்து நாடுகளில் இதுபோன்ற சோதனை செய்தபோதும் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் மாற்றம் வந்தது. அதே 2005-ல் ஓனிஷி, பயார்ஜான் என்ற இருவர், 15 மாதக் குழந்தையே கண் பார்வையால் இது தெரிந்ததாகக் காட்டுகிறது என்று சொன்னார்கள். பின்னால் அந்த வகைச் சோதனைகள் பல மறுபடி செய்தபோது ஒரே மாதிரி முடிவு தரவில்லை, விவாதம் இன்னும் முடியவில்லை. வீட்டில் அதைப் பார்க்க வழியும் இல்லை, நாலு வயது வரை பொறுங்கள்.

வீட்டில் செய்ய எளிது இது: பிஸ்கட் பாக்கெட்டுக்குள் வேறு எதையாவது வைத்து, "இதுல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். பிஸ்கட் என்று சொல்லும். திறந்து காட்டிவிட்டு மூடி, இதுவரை பார்க்காத ஒருவரைச் சொல்லி, "அவர் இதுல என்ன இருக்குன்னு நினைப்பார்?" என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஹார்லிக்ஸ் பாட்டிலையும் பழைய பிஸ்கட் டப்பாவையும் எடுக்காதீர்கள். நம் வீடுகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பும் பிஸ்கட் டப்பாவில் ஊசி நூலும் இருப்பது பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. கடையிலிருந்து வந்த புது பாக்கெட்டை ஓரமாகப் பிரித்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

நான் கலர் பென்சில்களை வைத்தேன். மூன்றேகால் வயதில், "தாத்தா என்ன இருக்குன்னு நினைப்பார்?" என்றதற்கு, "பென்சில்" என்றாள், யோசிக்கவே இல்லை. நாலு வயது முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி கேட்டேன், இந்த முறை உள்ளே பட்டன்கள். கொஞ்ச நேரம் பாக்கெட்டையே பார்த்தாள். "பிஸ்கட்னு நினைப்பார். அவருக்குத் தெரியாதுல்ல." அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "பெரியம்மா, சொல்லிராதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்த திண்ணைக்குப் போனாள்.